மைனஸ் ஒன்று

1

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த முறை எனக்கு அப்படி எழுத வரவில்லை. உடம்பு நலம்தான். மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது. கொதிக்கிற மனசோடு முதல் வரியிலேயே பொய் எழுதுவானேன்?

சுங்கை பட்டாணித் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்த நம் கைப்பேசிக் குழுவில் போன வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள்: “சுமதி சொந்த அக்கா மவ கல்யாணத்துக்கே வரல. இந்தியா போயி பெரிய தவுக்கே ஆயிட்டா போல லா.” அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். சிரித்தவர்களில் இரண்டு பேருக்கு நான் ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடத்தைப் பார்த்து எழுதக் காட்டியிருக்கிறேன்.

தவுக்கேயாம். நான் முதலாளியும் இல்லை, முதலாளிக்குச் சொந்தக்காரியும் இல்லை. ஒரகடத்தில் கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் லைன் லீடராக இருக்கிறேன். குடியிருப்பது சேரப்பணஞ்சேரி. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடம் வரும் சாலையில் இருக்கிற ஊர். வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

அக்கா ராஜேஸ்வரியின் மகள் தர்ஷினிக்குப் போன கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். அந்தக் குழந்தையைப் பிறந்த மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தவள் நான். “லீவு கிடைக்கலக்கா” என்று அக்காவிடம் சொன்னேன். அது பொய். லீவு கிடைத்தது, டிக்கெட்டுக்குப் பணமும் இருந்தது. அந்தப் பணத்தை வைத்து நான் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்பதை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் படித்து முடித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

2

நான் இங்கே வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அங்கே நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு, பர்மிட்டில் ஆள் எடுத்தபோது வந்தவர் ஏழுமலை. பர்மிட்டில் வந்தவர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டக் கூடாது என்று நம் மலேசியாவில் சட்டம். அதனால் பர்மிட் முடிந்து அவர் ஊர் திரும்பினார், அடுத்த வருஷம் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன். அங்கே அவர் வெளிநாட்டுத் தொழிலாளி. இங்கே நான்.

முதல் வருஷம் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். காலையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். “ஏம்மா, உன் வூட்ல நேத்து சோறு ஆக்கலியா?” என்று கவலையோடு ஒரு கிண்ணம் உப்புமா கொண்டுவந்து கொடுத்தாள். படப்பை ஓட்டலில் “நாலு புரோட்டா தபாவ்” என்றேன். கல்லாவில் இருந்தவர் சமையல்காரரைக் கூப்பிட்டு “தபாவாமே, அது இன்னா ஐட்டம் நம்மகிட்ட கீதா?” என்று விசாரித்தார். பார்சல் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். இப்போது என் வாயிலும் அவ்வப்போது ‘இன்னா’ வந்துவிடுகிறது. அங்கே போன் பேசும்போது வந்தால் அக்கா அதட்டுவாள்.

காலை ஐந்து நாற்பதுக்குக் கம்பெனி பஸ். முதல் ஷிப்டில் என் லைனில் இருபத்திரண்டு பெண்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் உலோகப் பின் உள்ளே போய் ‘டிக்’ என்று உட்கார வேண்டும். உட்காராத பின்னை என் விரல் கண்டுபிடித்துவிடும், கண் வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷமாக நிரந்தரத் தொழிலாளி, ஒரு மெமோ வாங்கியதில்லை. என் மாதச் சம்பளம் ஒரு நாள் பிந்தாமல் ஒரே வங்கியில்தான் விழுகிறது.

அவர் கதை வேறு. அவர் காண்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் மாறுவார். அதே கேட், அதே மெஷின், அதே மனுஷன். சம்பளச் சீட்டில் மட்டும் புதுப் பெயர் இருக்கும். நடுவில் ஒரு மாதம் வீட்டில் உட்கார வைப்பார்கள். காகிதத்தைப் பார்க்கிறவனுக்கு இந்த ஆள் எங்கேயும் நிலைத்து வேலை செய்யாதவன் என்றுதான் தோன்றும். ஒன்பது வருஷமாக அதே மெஷின்முன் நிற்கிறார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. இதை யாரும் அநியாயம் என்றுகூடச் சொல்வதில்லை, இந்தப் பக்கம் இதுதான் வழக்கம்.

3

போன செப்டம்பரில் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கிக் கிளைக்குப் போனேன். மகள் தீபிகா அப்போது பிளஸ் டூ. கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. படிப்பாள் என்பது எங்களுக்குத் தெரியும். பணம் கட்ட முடியாது என்பதும் தெரியும். கல்விக் கடனுக்கு என்னென்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று போனேன்.

உதவி மேலாளர் இளைஞர், நல்லவர்தான். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டினார். நம் அடையாளத் தாள்களில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/பி’ என்று இருக்கும் அல்லவா, இவர்கள் மெஷின் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. ‘சுமதி ஏபி நடராஜா’ என்றுதான் நான் இங்கே எல்லாவற்றிலும் இருக்கிறேன்.

“மேடம் ஆந்திராவா?”

“இல்லைங்க. ஏ/பின்னா மகள்னு அர்த்தம். மலாய் மொழிலே. நடராஜாவோட மகள். நான் மலேசியா.”

“ஓ, ஓகே ஓகே.” திரையைப் பார்த்தார். “மேடம், சாரோட வேலை காண்ட்ராக்ட். அவரைக் கூட்டு விண்ணப்பதாரரா போட்டா மேல பாஸ் ஆகாது. உங்களைத்தான் போடணும். ஆனா உங்க சிபில் ஸ்கோர் மைனஸ் ஒண்ணுன்னு வருது.”

பூஜ்யம் என்றிருந்தால்கூட ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டிருப்பேன். மைனஸ் ஒன்று என்றால் என்ன அர்த்தம்? நான் யாரிடம் என்ன எடுத்துக்கொண்டு ஓடினேன்?

“கடன் வாங்கின ஹிஸ்டரியே இல்லைன்னா அப்படித்தான் காட்டும் மேடம். தப்பு ஒண்ணும் இல்ல. நீங்க கடனே வாங்கினதில்ல, அதான்.”

“கடனே வாங்காதது நல்லதுதானே தம்பி?”

“நல்லதுதான். ஆனா திருப்பிக் கட்டுவீங்களான்னு எங்களுக்குத் தெரியாதே.”

இதற்காகவே ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அக்காவும் நானும் சேர்ந்து நம் ஊரில் அந்த மாடி வீட்டை வாங்கினோமே, அந்தக் கடன் முழுவதும் கட்டி முடித்ததற்கு அங்கே வங்கி கொடுத்த கடிதம். என் மோட்டார் சைக்கிள் கடன் முடிந்த விவரமும் அதிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்யாணப் புடவையோடு பத்திரமாகக் கொண்டுவந்த காகிதம். மாதா மாதம் ரிங்கிட் வெள்ளியை எண்ணி எண்ணிக் கட்டியதற்கு அது ஒன்றுதான் சாட்சி. மேசைமேல் வைத்தேன்.

அவர் உறையை ஒரு விரலால் என் பக்கமே தள்ளினார். “இது இங்க செல்லாது மேடம். சிஸ்டத்துல ஏத்த முடியாது.”

படிக்கவில்லை. எந்த மொழியில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. “ஒரு கிரெடிட் கார்டு வாங்கி ஆறு மாசம் ஒழுங்கா யூஸ் பண்ணுங்க, ஸ்கோர் வந்துரும். அட்மிஷன் டைம்ல வாங்க” என்றார். அதாவது, கடன் வாங்காமல் வாழ்ந்தது போதாது, கடன் வாங்கிக் காட்டினால்தான் நம்பிக்கை வரும். ஷேர் ஆட்டோவில் வீடுவரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

4

எந்தக் கார்டு? அங்கேதான் நான் முட்டாளானேன்.

எங்கள் கம்பெனி வாசலில் சம்பள நாளன்று ஒரு திருவிழா நடக்கும். கேட்டுக்கு வெளியே கலர் கலராகக் குடை விரித்து, மேசை போட்டு, டை கட்டிய பையன்கள் கார்டு விண்ணப்பம் வாங்குவார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பரிசு. ஒன்றில் ஹாட் பாக்ஸ், ஒன்றில் தோள்பை, ஒன்றில் குடை. எங்கள் லைன் பெண்களுக்குக் கார்டைப் பற்றி அக்கறை கிடையாது. பரிசுக்காக எழுதிக் கொடுப்பார்கள். யார் வீட்டில் எத்தனை ஹாட் பாக்ஸ் என்பதுதான் அடுத்த நாள் கேன்டீன் பேச்சு. என் லைனில் இருக்கும் அமுலு, படப்பைக்காரி, இதில் கெட்டிக்காரி. அவள் நாத்தனாரின் வளைகாப்புக்கு வந்தவர்களுக்கே ஹாட் பாக்ஸ்தான் கொடுத்தார்கள்.

“இன்னாக்கா யோசிச்சிக்கினு நிக்கற?” என்றாள் அமுலு. “ஜெராக்ஸ் குடு, ஒரு கையெழுத்து போடு, டப்பாவ வாங்கினு வா. வந்தா கார்டு, வராட்டி டப்பா. நமக்கு இன்னா நட்டம்?”

“எனக்குக் கார்டுதான் வேணும் அமுலு. டப்பா வேணாம்.”

“அப்ப எல்லா டேபிள்லயும் எழுதிக் குடு. எவனாச்சும் ஒருத்தன் குட்த்துட மாட்டான்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது ஒரே கம்பெனிக்கா போடுகிறோம்? நாலு கல் எறிந்தால் ஒன்றாவது விழாதா என்று நாலு மேசையிலும் உட்கார்ந்து எழுதினேன். நானாவது கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஒன்றில் ‘வாழ்நாள் முழுக்க இலவசம்’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில், பாக்கி வைத்தால் மாதம் மூன்றரை சதவீத வட்டி. வருஷத்துக்கு நாற்பத்திரண்டு ஆகிறது என்று பையனிடம் சொன்னேன். “அது கட்டாதவங்களுக்கு மேடம்” என்றான். ஒன்று பெட்ரோலுக்கு நல்லதாம், எங்களிடம் இருப்பது ஒரு பழைய மொபட். ஒன்று விமான நிலையத்தில் சொகுசு அறையில் உட்கார வைக்குமாம். டிக்கெட்டுக்கே வழி தேடுகிறவளுக்குச் சொகுசு அறை.

ஒரு வாரத்தில் நான்கு குறுஞ்செய்திகள் வந்தன. நான்கும் மரியாதையாக, நான்கும் ‘தற்போது இயலவில்லை’. லைன் நடுவே போன் பார்க்கக் கூடாது, சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் செய்தி, வரலாறு இல்லை என்றது. கடைசிச் செய்தி, குறுகிய காலத்தில் பல இடங்களில் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்றது. நான் போட்ட நாலு கல்லும் என் தலையிலேயே விழுந்திருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு கறையாகப் பதிவாகுமாம். கடன் கிடைக்காமல் அலைகிற ஆள் என்று கணக்காம். மேசை போட்ட ஒரு பையனாவது இதைச் சொன்னானா? அவனுக்கு ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி. எனக்கு இரண்டு ஹாட் பாக்ஸ், ஒரு குடை, ஒரு பை.

அன்று மாலை அந்த ஹாட் பாக்ஸில் ஏழுமலை சப்பாத்தி எடுத்து வைத்தார். “இதுல வெக்காதீங்க” என்றேன்.

“டப்பா இன்னா பண்ணுச்சு உன்ன? வுடு சுமதி. கார்டு இல்லாம நம்ம ஊர்ல எவனும் வாழலியா?”

“தீபிகா படிப்புக்கு வேணுமே.”

அவர் சப்பாத்தியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

தீபிகாதான் கைப்பேசியிலேயே கார்டு தரும் ஓர் ஆப்பைக் கண்டுபிடித்தாள். இரண்டாயிரம் ரூபாய் டெபாசிட் போதும், ஸ்கோர் கேட்க மாட்டார்கள். ஆதார், பான், செல்ஃபி எல்லாம் சரியாகப் போனது. கடைசிக் கேள்வி: நீங்கள் இந்தியக் குடிமகனா? இல்லை என்று தொட்டேன். ‘மன்னிக்கவும்’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. ஓசிஐ என்கிற இந்திய வம்சாவளி அட்டை கையில் இருக்கிறது, பதினெட்டு வருஷமாக இங்கேயே வாழ்கிறேன், வரி கட்டுகிறேன். அதற்கெல்லாம் அந்த ஆப்பில் பொத்தான் இல்லை.

“ஆமான்னு போட்டிருக்கலாம்மா. யாரு பாக்கப் போறாங்கோ?” என்றாள் மகள்.

“நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏன் என்று அடுத்த வாரம் தெரிந்தது.

5

பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியை என் பேச்சைக் கேட்டுவிட்டு, “உங்க தமிழ் வித்தியாசமா இருக்கே. சேலம் பக்கம்னு தீபிகா சொன்னா, அங்க இப்படியா பேசுவாங்க?” என்றார்.

சேலத்தை நான் ரயில் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து தீபிகாவிடம் கேட்டேன்.

“மலேசியான்னு சொன்னா, அப்ப ஏன் இங்க கீறீங்க, காசு நெறைய கீதான்னு கேக்கறாங்கம்மா. ஒவ்வொருத்தருக்கும் யாரு கதை சொல்லிக்கினு இருக்கறது? சேலம்னா ஒருத்தரும் கேக்கறதில்ல.”

வங்கிக்கு நான் மைனஸ் ஒன்று. என் மகளுக்கு நான் சேலம். கோபத்தில் அன்று அவளோடு ஒரே பஸ்ஸில் வந்தும் பேசவில்லை. அவள் பிறந்தது படப்பையில். அவளுக்கு நம் ஊர் என்பது பெரியம்மா போனில் பேசும் ஊர், அவ்வளவுதான். தர்ஷினி கல்யாணத்துக்குப் போவது பற்றிப் பேச்சு வந்தபோதும், “நீ போய்ட்டு வாம்மா, எனக்கு அங்க யாரத் தெரியும்?” என்றாள். அது தப்பில்லை என்று எனக்குத் தெரிகிறது. வலிக்காமல் இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் மறுபடி வங்கிக்குப் போனேன். நாலு நிராகரிப்பையும் சொன்னதும் அந்த உதவி மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏன் மேடம் எல்லார்கிட்டயும் போனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கார்டு வாங்குங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. எப்படி வாங்கணும்னு நீங்க சொல்லலையே.”

“டெபாசிட் போட்டு அது மேல கார்டு எடுத்துக்கோங்க. அதுக்கு ஸ்கோர் பார்க்க மாட்டோம். உங்க குடியுரிமையும் பிரச்சினை இல்ல. குறைஞ்சது இருபத்தஞ்சாயிரம். அதுல எண்பது சதவீதம் லிமிட், இருபதாயிரம். இப்ப எடுத்தாதான் ஜூனுக்குள்ள ஆறு மாசம் முடியும். தள்ளிப் போட்டீங்கன்னா அட்மிஷனுக்கு உதவாது.”

யோசித்துப் பாருங்கள். என் பணத்தை அவர்களிடம் அடகு வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எனக்கே கடனாகத் தருவார்கள். நான் அதைச் செலவு செய்துவிட்டு, சொன்ன தேதிக்குள் திருப்பிக் கட்டி, நான் யோக்கியமானவள் என்று காட்ட வேண்டும். நம் ஊர்த் தோட்டத்துக் கங்காணிகூட இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்திருக்க மாட்டான்.

என்னிடம் முப்பத்தோராயிரம் ரூபாய் இருந்தது. ஓவர்டைம் செய்து, தீபாவளிப் புடவையை விட்டு, பினாங்கு போய்வர ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வருஷமாகச் சேர்த்தது. அதில் இருபத்தைந்தை வைத்துவிட்டால் மிச்சத்தில் கல்யாணப் பெண்ணுக்கு ஒரு மோதிரம்கூட வாங்க முடியாது. கார்டிலேயே டிக்கெட் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போடலாம். அடுத்த மாதம் எதை வைத்துக் கட்டுவது? கட்டாவிட்டால், எதற்காக இத்தனையும் செய்தேனோ அதுவே பாழ்.

அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள், “காசு இல்லன்னா சொல்லு, டிக்கெட்ட நான் போட்டுடறேன்” என்று. உண்மையைச் சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவளே அலைந்துகொண்டிருந்த நேரம். கல்யாண வீட்டில் கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் லீவு என்றேன். “லீவா பெருசு?” என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவள் பேசினால் நலமா, நலம், அவ்வளவுதான்.

டெபாசிட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு பையன் குடை விரித்து, மேசை போட்டுக்கொண்டிருந்தான். “மேடம், ஃப்ரீ கார்டு, ஹாட் பாக்ஸ்” என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் குடையை மடக்கிவிடுவான் போலிருந்தது.

6

கல்யாணத்தன்று எனக்கு முதல் ஷிப்ட். தாலி கட்டும் நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அங்கே கடிகாரம் இங்கேயைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே நான் பின்னை அழுத்திக்கொண்டிருந்தபோது அங்கே கெட்டிமேளம் அடித்து முடித்திருப்பார்கள். அன்று என் கையில் ஒரு கனெக்டர் தவறிப் போனது. சூப்பர்வைசர் கையில் சிக்கியது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறை.

அமுலு கேட்டாள், “இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?”

“எங்க அக்கா பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம்.”

“அப்ப நீ ஏன் இங்க கீற?”

சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அடுத்த சம்பள நாளில் வாசலில் மேசை போட்ட பையன்கள் ஈ ஓட்டினார்கள். லைன் முழுக்க நின்று நின்று சொல்லிவிட்டாள்: “டப்பாவுக்கு ஆசப்பட்டு எழுதிக் குட்த்தீங்கன்னா நாளைக்கு வூட்டு லோனுக்குப் போறப்ப தெரியும்.” அந்த மாதம் எங்கள் லைனில் ஒருத்திகூட உட்காரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி.

கார்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டது தீபிகா. டெபாசிட் ரசீதை அவள் எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கார்டுக்கு அவள்தான் கங்காணி. காலண்டரில் பில் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டாள். “முப்பது பர்சன்ட்டுக்கு மேல தொடாதம்மா. ஆறாயிரத்தத் தாண்டுனா ஸ்கோர் எறங்கும். மளிகைக்கு மட்டும் போடு. மினிமம் கட்டுனா போதும்னு மெசேஜ் வரும், அத நம்பாத, முழுசா கட்டு.” மளிகைக் கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், ஒவ்வொரு முறையும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரொக்கம் கையில வச்சிக்கிட்டு எதுக்கும்மா இந்த அட்டை?” என்பார். அவருக்கு என்ன சொல்ல? நல்லவளாக நடிக்கப் பழகுகிறேன் என்றா?

ஆறு மாதம் ஒரு நாள் பிந்தாமல் கட்டினேன். இருபத்திரண்டு பேர் கொண்ட லைனையே ஒழுங்காக ஓட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா? கோபம் அதில்தான் எனக்கு. எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சின்னப் பிள்ளைபோல் முதலிலிருந்து செய்து காட்டச் சொன்னார்கள்.

7

தீபிகாவுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. நேற்று மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். அதே மேசை, அதே இளைஞர். என் பெயரைத் தட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வந்துருச்சு மேடம். எழுநூத்தி நாப்பத்தொண்ணு. சூப்பர். லோன் பாஸ் ஆயிடும்.”

ஏழுமலை பெரிதாக மூச்சு விட்டார். நானும் விட்டிருப்பேன். அதற்குள் உதவி மேலாளர் சத்தமாகப் படித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினார்: “கூட்டு விண்ணப்பதாரர், தாயார். கடன் வரலாறு... ஆறு மாதம்.”

ஆறு மாதம். அதற்கு முன்னால் நான் இல்லவே இல்லை. காரியம் முடிந்தால் போதும், வாயை மூடிக்கொண்டு இரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

“சார், அது தப்பு” என்றாள் தீபிகா.

அவள் பையைத் திறந்தாள். எனக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள், அந்தப் பிளாஸ்டிக் உறையை. மேசைமேல் வைத்தாள். “எங்கம்மா சேலம் இல்ல சார், மலேசியா. அங்க வண்டி லோன், வூட்டு லோன் ரெண்டும் கட்டி முச்சிட்டுதான் இங்க வந்தாங்க. இதுல கீது.”

சேலம் என்று யார் சொன்னது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“பாப்பா, நான் அம்மாகிட்ட அப்பவே சொன்னேனே. இதை ஏத்துறதுக்குக் கட்டமே இல்ல.”

“கட்டம் வேணாம் சார். படிச்சிட்டுக் குடுங்க, போதும்.”

பின்னால் வரிசை நின்றது. அவர் ஒரு தடவை வரிசையைப் பார்த்தார், ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு உறையிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்தார். பாதி மலாய், பாதி ஆங்கிலம். மெதுவாக, கீழ்வரைக்கும் படித்தார். பெயர்கள் இருக்கும் இடத்தில் அவர் விரல் நின்றது.

“ராஜேஸ்வரி ஏ/பி நடராஜா” என்று வாசித்தார். “இவங்களும் நடராஜாவோட மகள். உங்க சிஸ்டரா மேடம்?”

தீபிகாதான் சொன்னாள்.

“பெரியம்மா சார். அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு எங்கம்மா போவல. அந்த டிக்கெட் காசுதான் உங்க டெபாசிட்ல கீது.”

ஏழுமலையையும் அமுலுவையும் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லாததை, அவள் ஒரு வங்கி மேசையில் வைத்துவிட்டாள். இனி மறைத்து என்ன? அதனால்தான் குழுவில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும், அக்காவுக்கும் சேர்த்து எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போது சிரிக்கலாம்.

அக்கா, அந்தக் கடிதத்தில் உன் பெயர் முதலில் இருக்கிறது, என் பெயர் இரண்டாவது. இந்த ஊரில் ஒருவர் அதை முழுக்கப் படிக்க எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.